நட்சத்திரம் யாருக்கு, எதற்கு? பள்ளிக் கால்பந்து மதிப்பீடு குறித்த வாசகர் கேள்விகள்

பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தில், கல்லூரி அணிகளில் சேரவிருக்கும் உயர்நிலைப் பள்ளி வீரர்களுக்கு மதிப்பீட்டு நிறுவனங்கள் இரண்டு முதல் ஐந்து வரை நட்சத்திரம் அளித்துத் தரம் பிரிக்கும் வழக்கத்தைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கோபக் கடிதங்கள். தங்கள் கல்லூரி அணிக்கு வரும் மாணவனுக்கு ஒரு நட்சத்திரம் குறைந்துவிட்டது என்பவர்களும், எதிரணிக்குச் செல்பவனுக்கு ஒன்று கூடிவிட்டது என்பவர்களும் ஏறக்குறைய ஒரே சொற்களில் எழுதியிருக்கிறார்கள். வசைகளை நீக்கிவிட்டுக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

"ஒவ்வொரு ஆண்டும் சூப்பர் பவுல் என்ற தொழில்முறை இறுதிப் போட்டி நெருங்கும்போது, இரு அணிகளின் முதன்மை வீரர்கள் பள்ளி நாட்களில் எத்தனை நட்சத்திரம் பெற்றிருந்தார்கள் என்று ஒரு பட்டியல் சுற்றுக்கு வருகிறது. அதில் ஐந்து நட்சத்திரக்காரர்களைவிட மூன்றும் இரண்டும் பெற்றவர்களே அதிகம். ஜே.ஜே. வாட்டுக்குக் கிடைத்தது இரண்டு. ஜோஷ் ஆலனைப் பள்ளி முடித்தபோது எந்தப் பெரிய கல்லூரியும் அழைக்கவில்லை. இதற்குப் பிறகும் இந்த மதிப்பீட்டை மதிக்க வேண்டுமா?"
வாசகர், கொலம்பஸ், ஒஹாயோ

அந்தப் பட்டியலில் பொய் இல்லை. அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவுதான் நிற்காது. ஒவ்வொரு படியிலிருந்தும் எத்தனை பேர் மேலே வந்தார்கள் என்று எண்ணுகிறவர்கள், அந்தப் படியில் முதலில் எத்தனை பேர் நின்றார்கள் என்று எண்ணுவதில்லை. அமெரிக்காவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளிக் கால்பந்து ஆடுகிறார்கள். அவர்களுள் ஓர் ஆண்டில் ஐந்து நட்சத்திரம் பெறுபவர்கள் 30 பேரைச் சுற்றித்தான் இருப்பார்கள். நான்கு நட்சத்திரக்காரர்கள் 300க்கும் 400க்கும் இடையில். மூன்றும் அதற்குக் கீழும் பெற்றவர்கள் ஆயிரக்கணக்கில்.

விளங்குவதற்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த விகிதங்கள் நான் எடுத்துக்கொண்டவையே தவிர ஆய்வு முடிவுகள் அல்ல. ஐந்து நட்சத்திரக்காரர் 30 பேரில் பாதிப் பேர் தொழில்முறை அணிகளை எட்டினால் 15 பேர். நான்கு நட்சத்திரக்காரர் 350 பேரில் ஐந்தில் ஒருவர் எட்டினால் 70 பேர். அதற்குக் கீழே உள்ள 2,000 பேரில் இருபதில் ஒருவர் மட்டுமே எட்டினாலும் 100 பேர். இந்த 185 பேரை வரிசையாக நிறுத்தினால், பாதிக்கும் மேற்பட்டவர்கள் கீழ்ப்படியிலிருந்து வந்தவர்களாகவே தெரிவார்கள். ஆனால் ஒரு மாணவனுக்கு உள்ள வாய்ப்பு என்று பார்த்தால், மேல்படியில் நிற்பவனுக்கு அது பத்து மடங்கு. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதை ஏற்றுக்கொண்டாலே ரசிகர் சண்டைகளில் பாதி ஓய்ந்துவிடும்.

இருந்தாலும் நீங்கள் குறிப்பிட்ட இருவரையும் எண்ணிக்கைக்குள் மறைத்துவிட நான் விரும்பவில்லை. அவர்கள் ஏன் தவறவிடப்பட்டார்கள் என்பதில்தான் இந்த முறையின் உண்மையான ஓட்டை தெரிகிறது. விஸ்கான்சினின் பீவாக்கியைச் சேர்ந்த வாட், டைட் எண்ட் என்ற தாக்குதல் இடத்தின் ஆட்டக்காரராக மத்திய மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர். அங்கிருந்து விலகி, உதவித்தொகை இல்லாமலேயே விஸ்கான்சின் அணியில் நுழைந்து, தற்காப்பு வரிசைக்கு மாறி, உடலை வளர்த்துக்கொண்ட பிறகுதான் 2011 டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 11ஆவது ஆளாகத் தேர்வானார். பின்னர் மூன்று முறை தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்லின் ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரர் என்ற விருதையும் பெற்றார். 17 வயதில் அவரைப் பார்த்தவர்கள் மதிப்பிட்டது வேறோர் உடலை, வேறோர் இடத்தில் ஆடியவரை. ஆலன் கலிஃபோர்னியாவின் ஃபயர்பா என்ற சிற்றூரில் வேளாண் குடும்பத்தில் வளர்ந்தவர். ரீட்லி என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் ஒரு பருவம் ஆடி, அங்கிருந்து வயோமிங்குக்குப் போய், 2018இல் 7ஆவது ஆளாகத் தேர்வாகி, 2024 பருவத்தின் மிகச் சிறந்த வீரர் விருது வரை சென்றார்.

எனக்கு இவர்களைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டாகப் படுபவர் கேம் வார்ட். டெக்சஸின் வெஸ்ட் கொலம்பியாவில் அவர் படித்த பள்ளி, பந்தை எறிவதைவிடக் கையில் ஏந்தி ஓடுவதையே நம்பும் விங்-டி என்ற பழைய ஆட்டமுறையைக் கையாண்டது. அவரைப் போல அணியின் தாக்குதலை நடத்தி, எறியும் திறமையைக் காட்ட வேண்டிய குவாட்டர்பேக்குக்கு அதைக் காட்டும் வாய்ப்பே ஆட்டத்துக்குச் சில முறைதான் கிடைத்தது. இன்கார்னேட் வேர்ட் என்ற சிறிய பல்கலைக்கழகத்தில் தொடங்கி, வாஷிங்டன் ஸ்டேட், மயாமி என்று நகர்ந்து, 2025 டிராஃப்டின் முதல் ஆளாக அவர் அழைக்கப்பட்டார். அவர் ஆட்டத்தைப் பார்த்து மோசம் என்று யாரும் சொல்லவில்லை. பார்ப்பதற்குப் போதிய ஆட்டம் கண்ணில் படவில்லை.

மதிப்பீட்டு நிறுவனங்கள்மீது எனக்கு உள்ள முதல் குறையும் இதுதான். "பார்த்தோம், தேறமாட்டார்" என்பதும் "சரியாகப் பார்க்கவில்லை" என்பதும் பட்டியலில் ஒரே இரண்டு நட்சத்திரமாக வெளிவருகின்றன. மேல்படியில் இருப்பவனைப் பத்து முறை பார்த்திருப்பார்கள்; கீழ்ப்படியில் இருப்பவனைச் சில நிமிடக் காணொளியில் பார்த்திருப்பார்கள். எவ்வளவு பார்த்துச் சொன்ன கருத்து என்பதையும் நட்சத்திரத்தின் பக்கத்தில் அச்சிட்டால், உங்களைப் போன்றோரின் கோபத்தில் பெரும்பகுதி நியாயமான இடத்துக்குப் போய்ச் சேரும்.

"எங்கள் அணியில் சேர்வதாக வாக்குக் கொடுத்தபோது மூன்று நட்சத்திரமாக இருந்த பையன், அலபாமாவுக்கு மாறிய மறுவாரமே நான்கு நட்சத்திரமானான். இதைக் காசு வாங்கிக்கொண்டு செய்கிறார்கள் என்பதைத் தவிர வேறு என்ன விளக்கம் இருக்க முடியும்?"
வாசகர், நாக்ஸ்வில், டென்னசி

வேறு விளக்கம் உண்டு. அது காசுக் கதையைவிடச் சாதாரணமானது, ஆனால் முறையின் அடித்தளத்தை அதிகமாக அசைப்பது.

ஒரு பெரிய கல்லூரி அணிக்கு வீரர் தேர்வுக்கென்றே தனி ஊழியர் படை உண்டு. மாணவனைத் தங்கள் கோடை முகாமுக்கு வரவழைத்து, தாங்களே அளந்து, பயிற்சி கொடுத்துப் பார்த்து, பள்ளிப் பயிற்சியாளரிடம் குணநலன் விசாரித்து, மதிப்பெண் பட்டியலையும் புரட்டிய பிறகே அவர்கள் உதவித்தொகை கொடுக்க முன்வருகிறார்கள். நாடு முழுவதையும் சில பத்துப் பேரை வைத்துக்கொண்டு அலசும் மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அந்த முடிவே ஒரு தகவல். 2007 முதல் 2023 பருவம் வரை நிக் சேபன் நடத்திய அலபாமா அணி ஒருவனை விரும்புகிறது என்றால், 'நாம் எதையோ தவறவிட்டோம்' என்று மதிப்பீட்டாளர் மீண்டும் காணொளியைப் போட்டுப் பார்ப்பது பித்தலாட்டம் ஆகாது.

இதில் வியாபார வாடையே இல்லை என்று சொல்ல வரவில்லை. 247 ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், ஆன்3 போன்ற மதிப்பீட்டு நிறுவனங்கள் சந்தா கட்டும் ரசிகர்களை நம்பி நடந்தவை, நடப்பவை. ரசிகர் கூட்டம் பெரிதாக உள்ள அணியைப் பற்றி எழுதும் செய்தியாளர்களும் அதிகம். அவர்கள் ஒரு மாணவனைப் பற்றி மூன்று கட்டுரை எழுதினால், தேசிய மதிப்பீட்டுக் குழுவின் மேசைக்கு அவன் பெயர் முன்னதாகவே வந்துவிடும். லஞ்சம் தேவைப்படாமலேயே சாய்வு உண்டாகும் வழி இது.

அடிப்படைச் சிக்கலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய அணிகள் விரும்புவதால் ஒருவனின் மதிப்பு ஏறுகிறது. மதிப்பு ஏறியவர்களைச் சேர்த்ததால் அந்த அணிகள் வெல்கின்றன என்று பிறகு எழுதுகிறார்கள். ஆகவே மதிப்பீடு சரியாக இருக்கிறது என்று முடிக்கிறார்கள். மதிப்பீட்டுக்குள்ளேயே பயிற்சியாளரின் தீர்ப்பு கலந்திருக்கும்போது, அந்த வெற்றியில் எவ்வளவு பங்கு மதிப்பீட்டாளரின் கண்ணுக்கு, எவ்வளவு பங்கு பயிற்சியாளரின் கண்ணுக்கு என்று பிரிக்க முடியாது. போதாக்குறைக்கு, அந்தப் பெரிய அணிகளின் பயிற்சியும் உணவும் மருத்துவமும் சேர்ந்துதான் மாணவனை டிராஃப்ட் வரை கொண்டுபோகின்றன.

உங்கள் சந்தேகத்தைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. மதிப்பு மாறிய தேதியையும் வாக்குக் கொடுத்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இடையில் புதிய முகாமோ, புதிய பருவத்தின் ஆட்டங்களோ, மின்னணுக் கருவியில் பதிவான ஓட்ட நேரமோ வந்திருந்தால் மாற்றத்துக்குக் காரணம் உண்டு. எதுவுமே இல்லாமல் மறுவாரம் ஏறியிருந்தால் உங்கள் கோபம் நியாயமானது. எதிர்த்திசைச் சான்றையும் மறக்க வேண்டாம். 2021 டிசம்பரில் டிராவிஸ் ஹன்டர், ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்குக் கொடுத்திருந்த வாக்கை மாற்றிக்கொண்டு, ஒரு படி கீழான பிரிவில் ஆடும் ஜாக்சன் ஸ்டேட்டில் சேர்ந்தார். அதற்காக அவருடைய ஐந்து நட்சத்திரத்தை யாரும் பறித்துவிடவில்லை. பிறகு கொலராடோவில் ஆடி 2024இல் கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதும், 2025 டிராஃப்டில் இரண்டாம் இடமும் பெற்றார்.

"பந்தை உதைக்கும் கிக்கர்களுக்கு ஏன் ஐந்து நட்சத்திரம் கொடுப்பதில்லை? எத்தனை ஆட்டங்களைக் கடைசி நொடியில் அவர்கள்தானே முடிக்கிறார்கள்?"
வாசகர், டாம்பா, ஃப்ளோரிடா

நட்சத்திரம் கொடுப்பவர்கள் என்.எஃப்.எல். டிராஃப்டை மனதில் வைத்துக் கொடுக்கிறார்கள். டிராஃப்டில் கிக்கர்களுக்கு உயர்ந்த இடம் கிடைப்பது அபூர்வம். 2000இல் செபாஸ்டியன் ஜானிகோவ்ஸ்கி 17ஆவது ஆளாக முதல் சுற்றிலேயே தேர்வானதை இன்றுவரை விந்தையாகப் பேசுகிறார்கள் என்பதே போதும். கோல்ஸ், கிறிஸ் செய்லர் போன்ற உதைப் பயிற்சி முகாம்கள் கிக்கர்களுக்கென்று தனியாக நட்சத்திரப் பட்டியல் வைத்திருக்கின்றன. அவற்றின் ஐந்து நட்சத்திரத்தையும் மற்றவற்றின் ஐந்து நட்சத்திரத்தையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள்.

"குவின் யூவர்ஸுக்கு 1.0000 என்ற முழு மதிப்பெண் கொடுத்தார்கள். கடைசியில் 2025 டிராஃப்டின் ஏழாவது சுற்றில், 231ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். இந்த ஒன்றே போதாதா?"
வாசகர், நார்மன், ஓக்லஹோமா

டெக்சஸ் அணியின் பழைய குவாட்டர்பேக்கைப் பற்றி, அதன் எதிரணியான ஓக்லஹோமாவின் ஊரான நார்மனிலிருந்து இப்படியொரு கடிதம் வராமல் இருந்திருந்தால்தான் வியந்திருப்பேன்.

247 ஸ்போர்ட்ஸின் கூட்டு மதிப்பீடு என்பது பல நிறுவனங்களின் மதிப்பெண்களை இணைத்து ஒரே எண்ணாக்குவது. 1.0000 என்றால் ஏறக்குறைய எல்லோருமே அவரை உச்சியில் வைத்தார்கள் என்று பொருள். அவர் தவறவே மாட்டார் என்று பொருள் இல்லை. எல்லோரும் ஒத்துப்போவதும் எல்லோரும் சரியாக இருப்பதும் வேறு வேறு. அதே முழு மதிப்பெண்ணைப் பெற்ற வின்ஸ் யங், 2006 ஜனவரி ரோஸ் பவுல் ஆட்டத்தில் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக அணியை 41-38 என்று வென்று டெக்சஸுக்குத் தேசியப் பட்டம் பெற்றுத் தந்து, அந்த ஆண்டு டிராஃப்டில் மூன்றாம் ஆளாகப் போனார். 2011இல் பள்ளி முடித்தவர்களில் முதல்வராகக் கருதப்பட்ட ஜடேவியன் கிளௌனி, 2014 டிராஃப்டிலும் முதல்வரானார். ஒரு பெயரைச் சொல்லி முறையைக் கவிழ்ப்பதும், இன்னொரு பெயரைச் சொல்லி அதைத் தூக்கி நிறுத்துவதும் ஒரே வகையான வாதம்.

யூவர்ஸ் விஷயத்தில் நான் பார்ப்பது இரண்டு. முதலாவது, சவுத்லேக் கேரல் பள்ளியில் கடைசி ஆண்டை ஆடாமலேயே 2021இல் அவர் ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். மற்றவர்களுக்கு மதிப்பீட்டாளர்கள் வழக்கமாகப் பார்க்கும் இறுதிப் பருவம் அவருக்கு இல்லை. ஒரு முழு ஆண்டின் சான்று குறைந்த நிலையில் அந்த எண் உறைந்துபோனது. ஓர் எண்ணை நான்கு தசம இடம் வரை அச்சிடுவது, இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டுகிறது என்பது என் நெடுநாள் மனக்குறை.

இரண்டாவது, எதை முன்கூட்டிச் சொல்வதற்காக இந்த மதிப்பீடு? டெக்சஸுக்கு மாறிய யூவர்ஸ், 2023, 2024 ஆகிய இரு பருவங்களிலும் அணியைத் தேசிய அரையிறுதி வரை கொண்டுபோனார். கல்லூரி ரசிகரின் கணக்கில் அது நல்ல அறுவடை. ஆனால் 247 ஸ்போர்ட்ஸ், என்.எஃப்.எல். டிராஃப்டின் முதல் சுற்றில் 32 பேர் என்பதை மனதில் வைத்தே ஐந்து நட்சத்திரக்காரர்களின் எண்ணிக்கையை 32க்கு அருகில் வைக்கிறது. அந்தக் கணக்கில் அவர் தவறிய கணிப்பு. ரசிகர் தன் கல்லூரி அடுத்த மூன்றாண்டில் எத்தனை ஆட்டம் வெல்லும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறார். பட்டியல் தருபவரோ நான்கைந்து ஆண்டு கழித்துத் தொழில்முறை அணிகள் யாரை விரும்பும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். உயரம் குறைந்த, ஆனால் கல்லூரி ஆட்டத்தைக் கையில் வைத்திருக்கக்கூடிய குவாட்டர்பேக்குக்கு மூன்று நட்சத்திரமும், இன்னும் ஆடத் தெரியாத ஆனால் நீண்ட கைகளும் அகன்ற உடற்கட்டும் கொண்ட, டேக்கிள் என்ற தாக்குதல் வரிசை வீரனுக்கு நான்கு நட்சத்திரமும் கிடைப்பது இதனால்தான். இந்த வேறுபாட்டை நிறுவனங்கள் எங்கோ ஒரு விளக்கப் பக்கத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஒவ்வொரு வீரரின் பெயருக்குக் கீழும் 'கல்லூரிக்கு இவ்வளவு, தொழில்முறைக்கு இவ்வளவு' என்று இரண்டு எண்கள் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குப் புரியவில்லை.

"என் மகன் டல்லஸ் புறநகர்ப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படிக்கிறான், தாக்குதல் வரிசையில் கார்டாக ஆடுகிறான். உடன் ஆடும் இருவருக்கு ஏற்கெனவே மூன்று நட்சத்திரம் வந்துவிட்டது. இவனுக்கு ஒன்றும் இல்லை. நிறையப் பணம் கட்டி முகாம்களுக்கு அனுப்பினால் நட்சத்திரம் கிடைக்கும் என்கிறார்கள். அனுப்பலாமா ஐயா?"
ஒரு தாய், டெக்சஸ்

அம்மா, பத்தாம் வகுப்பில் தாக்குதல் வரிசைப் பையனுக்கு நட்சத்திரம் வரவில்லை என்பதிலிருந்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். மற்ற எல்லா இடங்களையும்விட அந்த வரிசையைக் கணிப்பதுதான் கடினம். ஓட்டக்காரனுக்கும் எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவருக்கும் வேகம் சின்ன வயதிலேயே தெரிந்துவிடும். வரிசையில் நிற்பவனுக்கோ எடை கூட வேண்டும், கூடிய எடையோடு கால் நகர வேண்டும், பிறகு எதிரே நிற்பவனின் கையைத் தன் கையால் வெல்லும் நுட்பம் வர வேண்டும். இவை பெரும்பாலும் கல்லூரியில்தான் கூடிவருகின்றன. கார்டு, சென்டர் ஆகிய உள் இடங்களுக்கு ஐந்து நட்சத்திரம் அபூர்வமாகவே கிடைக்கும். குவாட்டர்பேக்கின் பக்கவாட்டைக் காக்கும் டேக்கிளுக்குத் தொழில்முறை அணிகள் கொடுக்கும் விலையே அதற்குக் காரணம்.

முகாம்களை ஒரே கூடையில் போட வேண்டாம். யார் வேண்டுமானாலும் பணம் கட்டிச் சேரக்கூடிய பெரிய முகாமில், கையுறையும் குறுங்கால்சட்டையும் மட்டும் அணிந்து நடக்கும் பயிற்சிகள் வரிசை வீரனைப் பற்றி அதிகம் சொல்லாது. எழுவருக்கு எழுவர் போட்டிகளில் அவனுக்கு இடமே இல்லை. அதைவிட, ஜூன் மாதத்தில் கல்லூரிகளே தங்கள் திடலில் நடத்தும் ஒருநாள் முகாம்கள் பயனுள்ளவை. அங்கே உதவித்தொகை கொடுக்கும் அதிகாரம் உள்ளவர்களே நேரில் நின்று பார்க்கிறார்கள். தேசிய அளவில் புகழ்பெற்ற அணியின் முகாமில் நூறு பேரில் ஒருவனாக நிற்பதைவிட, அவன் தரத்துக்கு ஏற்ற இரண்டு மூன்று கல்லூரிகளின் முகாமில் கண்ணில் படுவது மேல்.

மற்றபடி, காசு அதிகம் வேண்டாத வேலைகள் சில உண்டு. ஆட்டப் பதிவைத் தொகுக்கும்போது முதல் ஐந்து காட்சிகளிலேயே அவன் மிகச் சிறந்த ஆட்டம் வந்துவிட வேண்டும். ஒவ்வொன்றிலும் பந்து நகருவதற்கு முன்பே அவன் எங்கே நிற்கிறான் என்று ஓர் அம்புக்குறியோ வட்டமோ காட்ட வேண்டும். எதிரியைத் தரையில் சாய்த்த காட்சிகளை மட்டும் அடுக்காமல், ஆட்டம் அவனைத் தாண்டிப் போன பிறகும் அவன் ஓடிச் சென்று இன்னொருவனைத் தடுக்கும் காட்சிகளையும் சேருங்கள்; பயிற்சியாளர்கள் தேடுவது அதைத்தான். உயரத்தைக் காலணி இல்லாமல் அளந்து உள்ளபடியே எழுதுங்கள். இரண்டு அங்குலம் கூட்டி எழுதிய பையன் முகாமில் அளக்கப்படும்போது, இழப்பது அந்த இரண்டு அங்குலத்தை மட்டுமல்ல. 40 கெஜ ஓட்டத்தைக் கையில் கடிகாரம் பிடித்து அளந்தால் மின்னணு அளவையைவிட ஏறக்குறைய 0.2 வினாடி குறைவாகக் காட்டும். ஆகவே அப்படிப்பட்ட எண்ணை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. குளிர்காலத்தில் மல்யுத்தமும், வசந்தகாலத்தில் குண்டெறிதலும் செய்யட்டும். உடலின் சமநிலையையும் வெடிப்பு வலிமையையும் காட்டும் அந்த முடிவுகள் பொதுப் பதிவில் இருப்பதால், மதிப்பீட்டாளர்கள் அவற்றைத் தேடிப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று. பதினொன்றாம் வகுப்பு ஆண்டின் செப்டம்பர் 1ஆம் தேதிக்குப் பிறகுதான் கல்லூரிப் பயிற்சியாளர்கள் கால்பந்து மாணவனுக்குத் தனிப்பட்ட முறையில் கடிதமோ குறுஞ்செய்தியோ அனுப்ப முடியும். ஆகவே இப்போது அஞ்சல் பெட்டி காலியாக இருப்பது விதியால்கூட இருக்கலாம். வாய்மொழியாகக் கிடைக்கும் உதவித்தொகை வாக்கு யாரையும் கட்டுப்படுத்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். உடன் ஆடும் இருவருக்கு வந்த மூன்று நட்சத்திரமும் இரண்டாண்டில் பலமுறை மாறக்கூடியது. பட்டியல்கள் இறுதியாவது பன்னிரண்டாம் வகுப்பின் ஆட்டங்களும், ஜனவரியில் சான் அன்டோனியோவில் நடப்பது போன்ற சிறப்பு ஆட்டங்களும் முடிந்த பிறகே.

"நட்சத்திரங்களை எண்ணினால் பட்டம் வரும் என்றார்கள். 2025 பருவத்தில் இந்தியானா 16-0 என்று எல்லோரையும் வென்றுவிட்டதே?"
வாசகர், ப்ளூமிங்டன், இந்தியானா

வாழ்த்துகள். உங்கள் அணி முறித்தது ஓர் உறுதியான விதியை என்பதால் அதைச் சொல்லிவிட்டே தொடர்கிறேன். பட் எலியட் என்ற எழுத்தாளர் பரப்பிய கணக்கு இது: கடந்த நான்கு ஆண்டுகளில் பள்ளியிலிருந்து நேரடியாகச் சேர்த்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நான்கு அல்லது ஐந்து நட்சத்திரம் பெற்றவர்களாக இல்லாத அணி தேசியப் பட்டம் வெல்வதில்லை. நீண்ட காலம் அது தவறவில்லை. 2026 ஜனவரியில் மயாமியை 27-21 என்று வென்ற இந்தியானா, அந்தப் பாதிக் கோட்டுக்கு அருகில்கூட இல்லை.

ஆனால் எது முறிந்தது என்று பார்க்க வேண்டும். அந்தக் கணக்கு, கல்லூரி மாற விரும்புவோர் பதிவு செய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வந்தவர்களை எண்ணுவதில்லை. பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி, தான் முன்பு நடத்திய ஜேம்ஸ் மேடிசன் அணியிலிருந்து பலரை அழைத்து வந்தார். அந்தப் பருவத்தின் ஹைஸ்மன் விருதை வென்ற குவாட்டர்பேக் ஃபெர்னாண்டோ மென்டோசா கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வந்தவர். பள்ளியில் பெரிய பட்டியல்களின் கீழ்ப்படியில் இருந்து, முதலில் யேல் பல்கலைக்கழகத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தவர். இவர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் 17 வயதுக் காணொளியை நம்பவில்லை. 21, 22 வயதில் கல்லூரித் திடலில் அவர்கள் ஆடிய ஆட்டங்களைப் பார்த்து எடுத்தார்கள். பழைய நட்சத்திரத்தைவிட அது வலுவான சான்று. 2021 முதல் மாணவர்கள் ஓர் ஆண்டு வெளியே உட்காராமல் கல்லூரி மாறலாம் என்று ஆனது; அதே ஆண்டு ஜூலை முதல் தங்கள் பெயரைக் கொண்டு பணம் ஈட்டலாம் என்றும் ஆனது. அதிலிருந்து பள்ளி நட்சத்திரத்தின் ஆயுள் குறைந்துகொண்டே வருகிறது. விந்தை என்னவென்றால், ஆயுள் குறைந்த அதே நேரத்தில் அதன் விலை ஏறியிருக்கிறது. பள்ளி முடித்து வருபவனின் முதல் ஒப்பந்தத் தொகையைப் பேசும்போது அவன் கையில் வேறு சான்று இல்லை.

"என் மாப்பிள்ளை மிச்சிகன் பக்கம், நான் பென் ஸ்டேட் பக்கம். ஒரே ஆண்டில் கல்லூரிகள் சேர்த்த புதிய மாணவர் வகுப்பில் எங்கள் அணி ஒரு பட்டியலில் மேலே, அவர்கள் அணி இன்னொன்றில் மேலே. எதை நம்பி நான் அவரிடம் பேசுவது?"
வாசகர், பிட்ஸ்பர்க், பென்சில்வேனியா

இரண்டு பட்டியலும் ஒரே பையன்களை வெவ்வேறு விதமாகக் கூட்டுகின்றன. 247 ஸ்போர்ட்ஸின் அணிக் கணக்கு, வகுப்பின் தலைசிறந்த சிலருக்கு அதிக எடையும் அடுத்தடுத்தவர்களுக்குக் குறைந்துகொண்டே போகும் எடையும் தருகிறது. ரைவல்ஸ் நெடுங்காலம் மிகச் சிறந்த 20 பேரை மட்டும் எண்ணியது. 28 பேரைச் சேர்த்த அணிக்கும் 17 பேரைச் சேர்த்த அணிக்கும் இடையில், எந்தக் கூட்டல் முறையைக் கையாள்கிறோம் என்பதிலேயே நான்கைந்து இடங்கள் மாறிவிடும்.

ஆகவே இடவரிசையை விட்டுவிட்டு, ஒரு வீரருக்குச் சராசரியாக எவ்வளவு மதிப்பெண் என்பதை இருவரும் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் வேறுபாடு மிகச் சிறிதாக இருந்தால் இரண்டும் சமம் என்றே கொள்ளுங்கள். நாட்டின் 60ஆவது வீரனுக்கும் 90ஆவது வீரனுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை மதிப்பீட்டாளர்களே சத்தியம் செய்து சொல்லமாட்டார்கள். அதன் பிறகும் மாப்பிள்ளை விடவில்லை என்றால், அவர்கள் வகுப்பில் டேக்கிள் எத்தனை பேர் என்று கேளுங்கள். ரிசீவர்களாகச் சேர்த்துப் பட்டியலில் மேலே ஏறிய வகுப்புகள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தடுமாறும். உங்கள் வகுப்பின் எண்ணிக்கையை முதலில் சரிபார்த்துவிட்டுக் கேளுங்கள்.